பத்தாம் நாள் நிறம்

காலையில் வேர்களை வாளியில் முக்கி எடுப்பது தண்டாயுதபாணியின் வேலை. வீட்டில் மற்ற வேலைகளுக்கு ஆள் மாறும், இதற்கு மாறாது. கொல்லையில் குறுக்கே கட்டிய இரும்புக் குழாயிலிருந்து பதினோரு செடிகள் தொங்கும். மண் கிடையாது, தொட்டி கிடையாது. தேக்குச் சட்டங்களை ஆணியடித்துச் செய்த சின்னக் கூடைகள், அவற்றிலிருந்து பழைய கயிறு மாதிரிக் கீழே இறங்கும் சாம்பல் நிற வேர்கள். ஒவ்வொரு செடியாகக் கழற்றி, வேரைத் தண்ணீருக்குள் விட்டு நூறு எண்ணுவார். சாம்பல் வேர் மெல்லப் பச்சையாகும். ஆனதும் எடுத்து மாட்டிவிடுவார்.

அந்த வாளித் தண்ணீரைச் சிவனம்மாள் கீழே கொட்ட விடமாட்டாள். திண்டுக்கல்லில் நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். செடி குளித்த தண்ணீரில் பாத்திரம் விளக்கி, விளக்கிய தண்ணீரை வாழைக்கு விடுவாள்.

"உங்க பொண்டாட்டிமாரு குளிச்ச தண்ணிலதான் நான் ஏனம் கழுவ வேண்டியிருக்கு" என்பாள். "பதினொரு சக்களத்தி. எந்தக் கோயில்ல போய்ச் சொல்ல?"

"பதினொண்ணும் உன்ன மாதிரி வாயாடி இல்ல. அதை நெனச்சுச் சந்தோசப்படு."

தண்டாயுதபாணி ஊரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் உதவியாளர். செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கத்திரிக்காய் போடும் வீட்டில் பிறந்து, பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, இருபத்திரண்டு வயதில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவர். எண்பத்தாறாம் வருஷத்தோடு இருபத்தாறு வருஷமாகிறது. கண்ணாடித் தகடுகளைக் கழுவி அடுக்குவது, போத்தலில் ஊறும் காய்களுக்கு மருந்துத் தண்ணீர் மாற்றுவது, செய்முறைத் தேர்வன்று ஒவ்வொரு மாணவன் முன்னாலும் ஒரே மாதிரிப் பூவைக் கொண்டுபோய் வைப்பது இவைதான் வேலை. முப்பது மாணவர்களுக்கு முப்பது ஊமத்தம்பூ, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கக் கூடாது. இருந்தால் சண்டை வரும். பூவைத் தேர்ந்தெடுக்கும் கண் அப்படித்தான் அவருக்கு வந்தது.

ஒரு தேர்வுக்கு ஆர்க்கிட் வேண்டும் என்றார் பேராசிரியர். மலைக்குப் போக வேண்டாம், வடமதுரை ரோட்டுப் புளியமரத்திலேயே வாண்டா இருக்கிறது, ஏறிப் பறித்து வா என்றார். ஊரில் அதற்குப் புல்லுருவி என்று பேர். மரத்தின் ரத்தத்தைக் குடிக்கும் செடி என்று தண்டாயுதபாணியும் நம்பியிருந்தார். ஏறிப் பார்த்தால் வேர் மரப்பட்டையைப் பிடித்திருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவன் மாதிரி சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. குடிப்பது காற்றையும் மழையையும்.

பூவை லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது அவருக்கு அரைமணி நேரம் போனது தெரியவில்லை. ஆறு உறுப்பு. மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே கால் அகட்டி நிற்பது போல அகலமாக இரண்டு. நடுவில் நாக்குப் போல ஒரு சின்ன இதழ், அதற்கு மட்டும் வேறு நிறம். மற்ற ஐந்தும் பச்சை கலந்த மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்டு, லுங்கித் துணி மாதிரி இருந்தன. நாக்கு மட்டும் ஊதா. வண்டு வந்து இறங்குவதற்கு அதுதான் படி என்றார் பேராசிரியர். இன்னொன்றும் சொன்னார். மொட்டாக இருக்கும்போது அந்த நாக்கு மேலேதான் இருக்கும். விரிவதற்கு முன்னால் பூ தன் காம்பை முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் திரும்பிவிடும். தண்டாயுதபாணி நம்பவில்லை. ஒரு மொட்டின் காம்பில் மையால் கோடு போட்டு வைத்து ஆறு நாள் பார்த்தார். கோடு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் அந்தச் செடியை விடவில்லை.

நிறத்தைப் பற்றிய பாடம் பிறகு வந்தது. பக்கத்து வீட்டுச் சௌகத் அலி பினாங்கில் தம்பி கடையில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரும்போது, ஈரத் துண்டில் சுற்றி ஒரு வாண்டா கொண்டுவந்தார். நீலப் பூ என்று சொல்லிக் கொடுத்தார்களாம். நாலு வருஷம் கழித்துத் தண்டு விட்டு, முதல் பூ விரிந்தது. நீலமா அது? நூறு தடவை துவைத்த பாவாடை நிறம். அளவும் சின்னது. தண்டாயுதபாணிக்கு முகம் தொங்கிவிட்டது.

"பாய், உங்கள ஏமாத்திட்டானுக."

"என் சொந்தத் தம்பிங்க!" என்றார் சௌகத் அலி, பாதி கோபமாக.

ஆனால் பூ விரிந்த பிறகும் வளர்ந்தது. மற்ற பூக்கள் விரிந்த அன்று முழுசு, மறுநாள் வாடல். வாண்டா அப்படி இல்லை. விரிந்தபின் நாளுக்கு நாள் இதழ் அகன்று, நிறம் உள்ளிருந்து ஏறிக்கொண்டே வந்தது. நரம்பு நரம்பாகக் கட்டங்கள் தெரிந்தன. பத்தாம் நாள் அது சாயங்கால வானத்தின் அடிவிளிம்பு போல நின்றது. சௌகத் அலியின் மனைவி சர்புன்னிசா வந்து பார்த்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மாஷா அல்லா, இது பூவா, பட்டுத் துணியா?" என்றாள்.

அப்போதிருந்து அந்த வீட்டில் அது ஒரு சட்டம். எதையும் பத்து நாளைக்கு முன்னால் முடிவு செய்யக் கூடாது. புதுச் செருப்புக் கடித்தால் பத்து நாள். ஊறுகாய் கைத்தால் பத்து நாள். மகள் மணிமேகலை கல்யாணமாகி வடமதுரைக்குப் போன முதல் வாரத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தபோதும் அதைத்தான் சொன்னார். அவளும் போய்விட்டாள், சரியாகிவிட்டது. இப்போது ஏழாம் மாதம். பங்குனி முதல் வாரத்தில் வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவர நாள் குறித்திருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் சிவனம்மாள் கொடியில் சேலை உலர்த்தக் கையை உயர்த்தினாள். வெயில் சாய்வாக விழுந்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தில், எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வெளிறல்.

"இது என்ன கையில?"

"எது?"

அவள் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். "மாவு கீவு பட்டிருக்கும்." போகவில்லை.

தண்டாயுதபாணி உள்ளே போய் லென்சை எடுத்து வந்தார். பால் வெள்ளை இல்லை. தோலின் நிறம்தான், ஆனால் யாரோ கொஞ்சம் தண்ணீர் கலந்துவிட்டது போல. ஓரம் லேசாக மேடு. அதன் மேல் மயிர் இல்லை. இதையெல்லாம் அவர் பார்த்தார். பார்த்ததை இன்னதென்று சொல்லாமல் லென்சை மூடினார்.

"நிறம் கொறஞ்சிருக்கு. நிழல்லயே கெடக்குறேல்ல, அடுப்படியே கதின்னு. வெளிச்சம் பத்தல."

"நானும் உங்க செடியா?"

"செடியும் தோலும் ஒண்ணுதான். பத்து நாள் காலை வெயில்ல கையக் காட்டு. ஏறிரும்."

அவள் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை அவர் வேர் முக்கும்போது முக்காலியைப் போட்டுக்கொண்டு, கையை மடியில் நீட்டி, வெயிலில் உட்கார்ந்தாள். நிறத்தைப் பற்றி அவர் சொன்னது இதுவரை தப்பியதில்லை.

பத்து நாள் ஆனது. வெயில் பட்ட கை முழுவதும் கறுத்தது. அந்த இடம் மட்டும் கறுக்கவில்லை. முன்பு உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, இப்போது வாசலில் நிற்பவருக்கே தெரிந்தது. அளவும் ரூபாய்க் காசைத் தாண்டியிருந்தது.

"இன்னும் பத்து நாள்" என்றார் தண்டாயுதபாணி.

அவள் அப்போது சிரிக்கவில்லை. அந்த வாரம் தையல்காரரிடம் போய் இரண்டு ஜாக்கெட்டுக்கு முழங்கை தாண்டிக் கை வைக்கச் சொல்லித் தைத்து வாங்கி வந்தாள். சர்புன்னிசா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கை கொட்டினாள்.

"என்னக்கா இது, பாட்டு டீச்சர் மாதிரி! மாசி மாசத்து வெயிலுக்கு எல்லாரும் கையக் கொறைக்கிறாக, நீங்க வளக்குறீக. பேரன் வாரதுக்குள்ள பெரிய மனுசி ஆயிட்டீகளா?"

"கொசு கடிக்குதுடி."

"கொசுவுக்குக் கைதான் பிடிக்குமாக்கும்? என்னய முகத்துலதான் கடிக்கும், சண்டாளப் பய கொசு. எம்மூஞ்சிதான் அதுக்கு வாகு."

சிவனம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டதைத் தண்டாயுதபாணி கொல்லையிலிருந்து பார்த்தார்.

அவருக்குள் ஒரு சொல் இருந்தது. அதை அவர் மனசுக்குள்ளும் முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவர் ஊரில் கண்மாய்க்கு அப்பால் ஒரு குடிசையில் ஒருவர் இருந்தார். வீட்டார் தூரத்திலேயே சோற்றை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துத் திரும்பிவிடுவார்கள். அந்த மனிதருக்குப் பேர் இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊர் அவரை நோயின் பேரால்தான் கூப்பிட்டது.

மாசிக் கடைசியில் கல்லூரியில் மாணவர்களுக்குத் தோல் பரிசோதனை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தாவரவியல் கூடத்தில் பெரிய ஜன்னல்கள், வெளிச்சம் நன்றாக விழும். அதனால் அங்கேதான் வைத்தார்கள். பெஞ்சுகளை ஒதுக்கி, முக்காலி போட்டு, கதவைப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே விடுவது தண்டாயுதபாணியின் பொறுப்பு. வந்தவர் பேர் கமலக்கண்ணன். ஒல்லியாக, கறுப்புப் பையோடு, வாய் ஓயாமல் பேசுகிறவர். சுகாதாரத் துறை ஆள். ஊர் ஊராகத் தொழுநோய் இருக்கிறதா என்று பார்த்து வருவதுதான் அவர் உத்தியோகம்.

"சட்டையக் கழட்டுங்க தம்பி. வெக்கப்படாதீங்க, உங்க அழகப் பாக்க வரல. திரும்புங்க. ம், போங்க. அடுத்து."

நாற்பது பேர் போன பிறகு ஒருவன் முதுகில் வெளிறல் இருந்தது. தண்டாயுதபாணி கதவைப் பிடித்திருந்த கையை விட்டார். தன்னை அறியாமல் இரண்டடி உள்ளே வந்துவிட்டார்.

கமலக்கண்ணன் பையிலிருந்து பஞ்சு எடுத்து, நுனியை ஊசி போல முறுக்கினார். "கண்ண மூடிக்கங்க. நான் எங்க தொடுறனோ அங்க விரல வைங்க." தோளைத் தொட்டார். பையன் தோளில் விரல் வைத்தான். வெளிறிய இடத்தின் நடுவில் தொட்டார். அவன் கையைப் பின்னால் வளைத்துச் சரியாக அங்கேயே வைத்தான்.

"தேமல். மருந்து தடவுங்க. அடுத்தவன் துண்ட வாங்கித் தொடைக்காதீங்க. ஓடுங்க."

பையன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே ஓடினான். வராந்தாவில் ஒரே சிரிப்பு.

மதியம் டீ கொண்டுவந்து வைத்தபோது தண்டாயுதபாணி போகாமல் நின்றார்.

"சார், அந்த மாதிரி வெளுத்த எடத்துல நிறம் திரும்ப ஏறுமா? கொஞ்ச நாள் விட்டுப் பாத்தா?"

"யாருக்கு?"

"எங்க தெருவுல ஒருத்தருக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளதான்."

கமலக்கண்ணன் டீயை ஆற்றினார். "நிறத்த நம்பாதீங்கண்ணே. நிறம் ஆயிரம் காரணத்துக்கு மாறும். நாங்க நிறத்த வச்சு ஒண்ணும் சொல்றதில்ல. தொட்டாத் தெரியுதா, சூடு தெரியுதா, அம்புட்டுத்தான். தெரிஞ்சா நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். தெரியலைன்னா வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க, நான் இருப்பேன். இப்ப நல்ல மாத்திரை வந்திருக்கு. ஆரம்பத்துல வந்தா விரல் மடங்காது, ஒண்ணும் ஆகாது." ஒரு மடக்குக் குடித்தார். "ஆனா வரமாட்டாங்க. ஏன் இம்புட்டு நாள் வரலைன்னு கேட்டா எல்லாரும் ஒரே பேச்சுத்தான். தானாச் சரியாயிரும்னு இருந்தோம் சார்."

தண்டாயுதபாணி கிளாசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் கையில் அதை முதலில் பார்த்ததிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணினார். நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து நாளும் இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது சிவனம்மாள் அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு, இன்னொரு பக்கம் சீனியவரைக்காய் வெஞ்சனத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். தனியாக இருந்ததால் ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தாள். வெளிறிய இடத்தின் ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு நீர் கோத்த கொப்புளம் இருந்தது.

"எப்பச் சுட்டுக்கிட்ட?"

"நான் எங்க சுட்டேன்?"

"கையில."

அவள் கையைத் திருப்பினாள். அந்தக் கொப்புளத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கொப்பரை விளிம்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கடுகு கருகியது.

"மூடியத் தெறக்கும்போது பட்டிருக்கும்" என்றாள். "வேல மும்முரத்துல கவனிக்கல போல."

"ஆமா, வேல மும்முரம்" என்றார் அவரும்.

கமலக்கண்ணன் சொன்னதை அவர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பது போலப் பயம். வளைகாப்பு முடியட்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். சம்பந்தி வீட்டார் வந்துபோகட்டும். இந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால் அடுத்த வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் யாராவது நின்றால்? வடமதுரைக்குச் சேதி போக ஒரு பஸ் போதும். மகளை அனுப்பமாட்டார்கள். அனுப்பினாலும் பிறக்கும் பிள்ளையைச் சிவனம்மாள் தூக்க விடமாட்டார்கள். அவளுக்கு அதைவிட வேறு என்ன ஆசை இருக்கிறது? தொட்டில் சேலையைத் துவைத்து, மடித்து, மூன்றுமுறை பெட்டியில் வைத்தெடுத்துப் பார்த்துவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவர் அவள் பின்னாலேயே திரிந்தார். பால் பொங்கினால் முந்திப் போய்ப் பிடித்தார். இடுக்கி இல்லாமல் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்று கத்தினார். அவள் விரல்களைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார். அவள் நிமிர்ந்தால் வேறு பக்கம் திரும்பினார். லென்சை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

கொல்லையில் நீல வாண்டா அந்த வாரம்தான் விரிந்தது. எட்டுப் பூ, எல்லாம் வழக்கம்போல வெளுத்துப்போய். முதல் தடவையாக அவர் அதைப் பார்க்காமல் தாண்டிப் போனார். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அவருக்கு அது ஒரு ஏச்சு மாதிரி இருந்தது. பூவுக்கு ஏறுகிறது. பூவுக்குச் சொன்ன பேச்சைப் பெண்டாட்டிக்குச் சொன்ன மடையன் யார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்புன்னிசா பூ பார்க்க வந்தாள். அவளுக்குப் பத்தாம் நாள் வரை பொறுக்காது.

"அண்ணே, என்ன இந்தத் தடவ ஊரக் கூட்டிக் காட்டல? எப்பவும் கூப்பாடு போடுவீக."

"இன்னும் மூணு நாள் போகட்டும்னு இருந்தேன்."

"இருங்க, இருங்க." அவள் சிவனம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, சேதி தெரியுமா? என் மருமகனோட தம்பி, நம்ம அண்ணன் வேல பாக்குற காலேஜுலதான் படிக்கிறான். அங்க ஒரு ஆபீசர் வந்து பயலுக சட்டையெல்லாம் கழட்டிப் பாத்தாராம். ஒருத்தன் முதுகுல வெளுப்பு. அவனக் கண்ண மூடச் சொல்லி, பஞ்சால தொட்டு, எங்க தொடுறேன் சொல்லுன்னாராம். பயலுக்கு உயிரே இல்லையாம்! கடைசில பாத்தா வெறும் தேமலு. நம்மாளு அத நடிச்சுக் காட்டினான் பாருங்க, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. அண்ணே, நீங்கதான் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னீகளாமே?"

"ஆமா" என்றார் தண்டாயுதபாணி.

"தொட்டாத் தெரியலைன்னாத்தான் கெட்டதாம். தெரிஞ்சா ஒண்ணுமில்லையாம். என்னன்னு கேளுங்க, பஞ்சு வச்சே கண்டுபிடிக்கிறாக!"

சிவனம்மாள் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். வலது கையால் கொடுத்தாள். சர்புன்னிசா குடித்து முடித்து, வளைகாப்புக்குத் தன் வீட்டிலிருந்து கோரைப்பாய் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். சிவனம்மாள் கதவைச் சாத்திவிட்டு உள்ளறைக்கு வந்தாள். தண்டாயுதபாணி கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார்.

"செத்த நேரம் அதக் கீழ வைங்க."

வைத்தார்.

"எப்ப வந்தாரு அந்த ஆபீசரு?"

"போன திங்கக்கெழம."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஆறு நாளா உங்க மனசுலயே வச்சிருந்தீக."

"வளைகாப்பு முடியட்டும்னு நெனச்சேன்."

"அதான் எனக்கு இடுக்கியெல்லாம் எடுத்துக் குடுத்தீகளாக்கும். நான் என்னமோ வயசாக வயசாக மனுசனுக்குப் பாசம் பெருகிருச்சுன்னுல்ல நெனச்சேன்." குரல் உடையவில்லை. அவள் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சு டப்பாவை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். ஜன்னல் பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். "பாருங்க."

"நான் என்ன டாக்டரா? வியாழக்கிழமை போவோம். அவரே பாப்பாரு."

"வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருக்கு. வளைகாப்புக்கு நாளைக்கு வடமதுரைலருந்து அவுக வாராக. புள்ள இனி இங்கதான் தங்கப் போறா. எம்பக்கத்துல படுக்கணும்பா. நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

அவர் பஞ்சு டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்கதான பாத்தீக, எப்படித் தொடுறாகன்னு? பாருங்க. எனக்குத் தெரியணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறுக்கி மூடினாள், புருவத்துக்கு நடுவில் மடிப்பு விழுந்தது. தண்டாயுதபாணி பஞ்சைக் கிள்ளி நுனியை முறுக்கினார். முறுக்குப் பிரிந்தது. மறுபடி முறுக்கினார். பூவின் உள்ளே துரும்பை விட்டு மகரந்த மூடியை எடுக்கிறபோது ஒருநாளும் தப்பாத விரல்.

முதலில் மேற்கையில் தொட்டார்.

"தோளுக்குக் கீழ" என்றாள். அந்த இடத்தில் விரல் வைத்தாள். சரியாக இருந்தது.

மணிக்கட்டில் தொட்டார்.

"மணிக்கட்டு." மூடிய கண்ணோடு லேசாகச் சிரித்தாள். "கூசுதுங்க. தெரியுது. பாத்தீகளா, தெரியுது."

"தெரியுது" என்றார் அவர்.

பிறகு வெளிறிய இடத்தின் நடுவில் தொட்டார். பஞ்சு நுனி வளைந்து தோலில் படிந்தது. அவள் முகம் அப்படியே இருந்தது, அடுத்தது எங்கே என்று காத்திருக்கும் முகம். பஞ்சை எடுத்தார். மறுபடி வைத்தார், கொஞ்சம் அழுத்தி. ஓரத்து மேட்டிலிருந்து கொப்புளம் காய்ந்த தழும்பு வரைக்கும் இழுத்தார். பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, நகத்தால் தொட்டார். நகம் பதிந்த கோடு வெளுத்து, மறைந்தது.

"ஏன் நிறுத்திட்டீக?" என்றாள் சிவனம்மாள். "தொடுங்க. நான் சரியாத்தான் சொல்றேன்ல."

அவர் மறுபடியும் நகத்தை வைத்தார். அவள் காத்திருந்தாள்.

"ஏங்க." கண் இன்னும் மூடியிருந்தது. கை அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டியிருந்தது. "இன்னும் தொடலையா? இல்ல, தொட்டுட்டீகளா?"

தண்டாயுதபாணி கட்டிலிலிருந்து எழுந்தார். எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அறையை விட்டு வெளியே போனார்.